நல்லேப்பிள்ளிப் புதர்ப்பாணர் பகுப்பியல்

மாணாக்க, புதர்ப்பாணர் யாவர் எனின் கூறுவேன். கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேள். மழை விட்ட இரவில் நீ திண்ணையில் குழல்விளக்கைப் போட்டதும் பறந்து வந்து சுவரில் ஒட்டி, தன் உடலினும் நீண்ட இரண்டு கொம்புகளால் ஒளியைத் துழாவிக்கொண்டிருக்கும் பச்சைப் பூச்சி ஒன்று உண்டே, அதுவே புதர்ப்பாணர். பாலக்காட்டு மாவட்டத்து நல்லேப்பிள்ளியில் மலையாளம் பேசுவோர் அதைப் பச்சைக்குதிரை என்பர். தமிழ் பேசுவோர் வெட்டுக்கிளி என்று பொதுப்பெயரிட்டு அத்தோடு விடுவர். உழவுத்துறையார் நீள்கொம்பு வெட்டுக்கிளி என்று எழுதுவர். இம்மூன்றையும் நாம் கொள்ளோம். குதிரை என்பது நாம் ஏறுதற்கு உரியது. இதுவோ நம்மீது ஏறுவது. வெட்டுதல் எல்லாப் பூச்சிக்கும் பொது. கொம்பின் நீளமோ பகலில் மட்டும் தெரிவது. இரவிலும் தெரிவது பாட்டு ஒன்றே. ஆகலின் ஆணைப் புதர்ப்பாணன் என்றும் பெண்ணைப் பாடினி என்றும் வழங்குவோம். பாடினி பெரும்பாலும் பாடுவதில்லை. அது பெயரின் குற்றம் அன்று.

வரையறை வருமாறு. நேர்சிறையினம் என்னும் பேரணி இரண்டாகக் கிளைக்கும். முட்டையிடும் உறுப்பு குறுகித் தடித்திருப்பன உளியேந்திகள்; நீண்டிருப்பன வாளேந்திகள். மேலைநாட்டார் இட்ட இலத்தீன் பெயர்களும் இதே பொருளன. பகலில் வரப்பில் தத்தும் குறுங்கொம்பு வெட்டுக்கிளி உளியேந்தி. சுவர்க்கோழி, பிள்ளைப்பூச்சி, புதர்ப்பாணர் மூவரும் வாளேந்திகள். பிள்ளைப்பூச்சியிடம் வாள் இல்லையே எனின், இல்லை. குடியுரிமையால் அதுவும் வாளேந்தியே.

வாளேந்திகளுள் புதர்ப்பாணரைப் பிரித்தறியக் குறிகள் நான்கு. முதலாவது, நீண்ட கொம்பு. இது சுவர்க்கோழிக்கும் உண்டு ஆதலின் பிரித்தறிய உதவாது. ஆயினும் எண்ணிக்கை நிரம்ப வேண்டி வைத்தோம். இரண்டாவது, பாதத்தில் நான்கு கணு, சுவர்க்கோழிக்கு மூன்றே. மூன்றாவது, பாடினியின் வாள் பட்டையாய் வளைந்திருக்கும். சுவர்க்கோழிப் பெண்ணுடையது ஊசியாய் நீளும். நான்காவது சிறை மடிக்கும் முறை. இதுவே தலையாயது ஆகலின் விரித்துரைப்போம்.

புதர்ப்பாணன் இடச்சிறையை மேலும் வலச்சிறையைக் கீழும் வைத்து மடிப்பான். சுவர்க்கோழி வலச்சிறையை மேலே வைக்கும். இடச்சிறையின் அடிப்புறத்தில் அரம் என்னும் பல்வரிசையும், வலச்சிறையின் ஓரத்தில் சுரண்டி என்னும் விளிம்பும், அதனை அடுத்து ஆடி என்னும் மெல்லிய தோலும் உள. அரம் சுரண்டியில் உரசுங்கால் ஆடி அதிர்ந்து பாட்டுப் பிறக்கும். ஆகவே வாளேந்திப் பாணரை இடமேலார், வலமேலார் என இருபாலாகப் பகுத்தல் தகும். வரப்பில் பாடும் ஒருவன் இவருள் யார் என்னும் ஐயம் எழுமாயின், மாணாக்கன் கைவிளக்குடன் ஈரமண்ணில் குப்புறப் படுத்து, பாட்டு நிற்குமுன் மேற்சிறை எது எனக் கண்டு எழவேண்டும். வழிப்போக்கர் என்ன ஆயிற்று என்று கேட்பின் "இடம்" அல்லது "வலம்" என்று மட்டும் விடையிறுக்க. மிகுதி அவர்க்கு விளங்காது.

இனி, ஓர் இடர். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கும். புல்லும் மரமும் ஓரறிவின. நண்டும் தும்பியும் நான்கறிவின. செவியறிவு ஐந்தாம் படியில் விலங்குக்கே வரும். புதர்ப்பாணரோ பூச்சி. ஆனால் அவருக்குச் செவி உண்டு. அதுவும் தலையில் அன்று, முன்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே. ஒலி அச்செவியை இருவழியாக அடையும்: வெளியிலிருந்து நேராகவும், மார்பின் மூச்சுத்துளை வழியே உட்புகுந்து குழாய் வழியே இறங்கியும். ஆகவே ஒரே பாட்டைச் சற்று முன்பின்னாக இருமுறை கேட்கும் பேறு பெற்றவர் இவர். இத்தகையாரை நான்கறிவில் நிறுத்துதல் முறையன்று. யானையோடும் மாட்டோடும் ஐந்தாம் படியில் அமர்த்துக. அப்படியாயின் தும்பி முறையிடாதோ எனின், முறையிடுக. தன் செவியைக் காட்டிவிட்டு முறையிடுக.

முன்னோர் செய்தவற்றையும் சுருங்கச் சொல்வோம். சுவீடன் நாட்டு லின்னேயசு 1758இல் இக்குடியினர் சிலருக்குப் பெயரிட்டார். அவருள் ஒருவன் மருக்கடியன். அந்நாட்டு ஊர்மக்கள் தோலில் எழும் மருவை அவனைக் கொண்டு கடிக்கச் செய்து போக்கினராகலின் அப்பெயர். நம் நாட்டுப் பூச்சிகளை நூல்வரிசையாகத் தொகுத்த ஆங்கிலேயர் காலத்தில் கிர்பி என்பார் 1914இல் குறுங்கொம்பரைப் பற்றி ஒரு மடலம் எழுதினார். அதன் தொடர்ச்சியாகப் பிரெஞ்சு நாட்டுச் சொப்பார் 1969இல் சுவர்க்கோழி உறவினரைப் பற்றி மற்றொன்று எழுதினார். இரண்டையும் அருகருகே அடுக்கில் வைத்துப் பார். குறுங்கொம்பர் இப்பக்கம், சுவர்க்கோழியார் அப்பக்கம். இடையில் அமர வேண்டிய நம் பாணர் இரண்டு மடலத்திலும் இலர். அவ்விடைவெளியின் ஒரு மூலையையேனும் நிரப்புவது இப்பகுப்பியலின் நோக்கம்.

உலகில் இக்குடியினர் 8,000 இனங்களுக்கு மேல். அண்டார்க்டிகா ஒழிய எல்லாக் கண்டத்திலும் உளர். வெப்பநாட்டு மழைக்காடுகளில் மிகுதி. கிளைக்குடிகள் பல. நல்லேப்பிள்ளி மாணாக்கன் அறிய வேண்டியவை ஐந்து. ஐந்தும் ஒரே அளவில் விரிக்கத்தக்கன அல்ல.

முதற் கிளைக்குடி, கூர்ந்தலையர். நெற்றி முன்னோக்கிக் கூம்பியிருப்பதால் இப்பெயர். வாழிடம் புல்லும் நெல்லும். சித்தூர்ப்புழையின் நீர் பாயும் வயலெல்லாம் இவர்க்கு ஊர். இவருள் கொனோசெபாலசு லாங்கிபென்னிசு என்பான் உடலைப் போல் இரண்டு மடங்கினும் நீண்ட கொம்புடையவன். நெற்கதிர் பால் பிடிக்கும் வேளையில் வந்து சாற்றை உறிஞ்சும் கதிர்நாவாய்ப்பூச்சியின் முட்டைகளையும், தண்டுத்துளைப்பான் முட்டைகளையும், புகையான் குஞ்சுகளையும் தின்பவன். ஆனால் இடையிடையே நெல்லிலையையும் கதிரையும் கடித்துப் பார்ப்பான். ஆகவே இவனை உழவர் நண்பன் என்பதா, பகைவன் என்பதா? இவ்வினாவுக்கு விடையாக மூன்றாம் வகை ஒன்றை ஆக்கினோம்: கூலி பெறும் நண்பன். காவல் காப்பவன் களத்தில் ஒரு பிடி எடுத்துக்கொள்வது தொன்றுதொட்டு வரும் வழக்கமே. இவனைக் கண்டதும் மருந்தடிப்போர் தம் காவலாளைத் தாமே கொல்பவர். பிடிப்பவர்க்கு ஓர் எச்சரிக்கை: கூர்ந்தலையர் கடிப்பர். கடியின் ஆழத்தைக் கொண்டு இனம் பிரிக்கும் முறையை இன்னும் வகுத்தோமில்லை. மாணாக்கர் விரல் தந்து உதவலாம்.

இரண்டாம் கிளைக்குடி, வெளிச்சிறையர். மடித்த முன்சிறைக்கு வெளியே பின்சிறையின் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளாடை தெரிய உடுத்தியவர் என்று கொள்க. திண்ணை விளக்குக்கு வருவோருள் மெலிந்த உடலும் இலைப்பச்சை நிறமும் உடையோர் பலர் இவரே. இவர் குடியில் பாடினியும் ஒரு சிறு "டிக்" ஒலியால் விடையளிப்பது உண்டு. ஆண் பாடி முடித்துக் குறித்த நொடிக்கூறு கழிந்ததும் அவ்விடை வரவேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் ஆண் அதனைப் பொருட்படுத்தான். மறுமொழியின் சொல்லை விட அது வந்த நேரத்தையே எடைபோடும் கணவர்கள் பிற குடிகளிலும் உளர்.

மூன்றாம் கிளைக்குடி, பொய்யிலையர். இவர் இருவகையர்: இலையாய் நடிப்போர், பட்டையாய் நடிப்போர். பட்டையாய் நடிப்போருள் சத்ரோபில்லியா என்னும் பேரினத்தார் மரத்தோடு உடலை ஒட்டிக் கொம்புகளை முன்னே நேராக நீட்டிக் கிடப்பர். இவரைக் காணாத மாணாக்கன் தன்னை நொந்துகொள்ள வேண்டா. காணாமையே இவர் குறி. ஆனால் ஒரு மரத்தில் எதையும் காணவில்லை என்பதைச் சான்றாகக் காட்டி அங்கே பொய்யிலையர் உளர் என்று எழுதுதல் கூடாது.

இலையாய் நடிப்போருள் ஓனோமார்க்கசு யூனினோட்டாட்டசு என்பான் தனியே பேசத்தக்கவன். மேற்குத் தொடர்ச்சி மலைநாட்டில் பலாமரத்தில் வாழ்பவன். இக்குடியினர் பெரும்பாலோர் நொடிக்குப் பத்தாயிரம் அதிர்வுக்கு மேற்பட்ட கீச்சுக் குரலர். கொலம்பிய, எக்குவடோர் மழைக்காடுகளில் 2014இல் பெயர் பெற்ற சூப்பர்சோனசு பேரினத்தாரோ 1,50,000 அதிர்வு வரை எட்டுவர். பலாமரத்தானின் பாட்டு நொடிக்கு ஏறத்தாழ 3,200 அதிர்வே. குடியில் பிறந்தும் குடிக்குரல் இல்லாதவன். ஊதல் போல் இனியவன். அவன் பாட, பாடினி வாய்திறவாமல் உடலைக் குலுக்கி மரக்கிளையை அதிரச் செய்வாள். அவ்வதிர்வைக் காலால் உணர்ந்து அவன் அவளிடம் நடந்து செல்வான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் இதனைக் கண்டு 2015இல் எழுதினர். ஒருவர் காற்றின் வழியும் மற்றவர் மரத்தின் வழியும் பேசிக்கொள்ளும் களவொழுக்கம் அகப்பொருள் நூல்களில் இல்லை. அங்கே தோழி இருந்தாள், இங்கே கிளை இருக்கிறது.

பாடினி வாய்மூடி இருப்பதன் ஆதாயமும் ஆராயப்பட்டது. பாடுபவனையே வௌவால் கண்டுபிடித்து உண்ணும் என்பது எல்லார்க்கும் தோன்றும் கருத்து. மெகாடெர்மா சுபாசுமா என்னும் வௌவாலோ பாடாமல் பறந்து திரியும் பாடினியரையே மிகுதியாக உண்டது. பாடுபவன் ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறான். தேடி வருபவளே இருளைக் கடக்கிறாள். இதிலிருந்து பெண்டிர் வெளியே போகலாகாது என்று முடிவு கட்டும் மாணாக்கனை இவ்வகுப்பிலிருந்து நீக்குவோம்.

நான்காம் கிளைக்குடி, நெடுந்தாளியர். இப்பகுப்பியலின் முதுகெலும்பு இவரே. ஏனெனில் பகுப்பியலையே முறித்தவரும் இவரே. நெடிய பின்கால், காய்ந்த இலையோ பச்சிலையோ போன்ற அகன்ற சிறை, உரத்த குரல். லின்னேயசு பெயரிட்டு, இன்று மெக்கோபோடா எலோங்காட்டா எனப்படும் இனத்தின் பெயராலேயே ஆசியா முழுதும் பலரை அழைத்து வந்தனர். சீனர் இக்குரலில் நெசவுப்பெண்ணின் தறியைக் கேட்டு அதனையே பெயராக்கினர். 2006இல் விவேக் நித்தியானந்தாவும் ரோகிணி பாலகிருட்டிணனும் தென்னிந்திய நெடுந்தாளியரைப் பிடித்து அளந்தனர். சிறை அளந்தனர், கால் அளந்தனர். உடலால் வேறுபாடு காண முடியவில்லை. பாட்டைக் கேட்டபோது ஐவர் நின்றனர். அவர்க்கு அவ்விருவரும் இட்ட பெயர்களைத் தமிழ்ப்படுத்துவோம்: ஒற்றைக்கீச்சர், இரட்டைக்கீச்சர், இருபகுப்பர், தொடர்வண்டியர், உலங்கூர்தியர். கடைசி இரண்டும் நம் புனைவு என்று ஐயுற வேண்டா, ஆய்வுத்தாளில் உள்ளவையே.

இவ்வைவருள் தொடர்வண்டியரைக் குறிக்கும்போது நல்லேப்பிள்ளி மாணாக்கன் விழிப்பாயிருக்க. பாலக்காட்டிலிருந்து புதுநகரம், கொல்லங்கோடு வழியே பொள்ளாச்சி செல்லும் இருப்புப்பாதை மிகத் தொலைவில் இல்லை. இரவு அமைதியில் காற்று ஒலியைச் சுமந்து வரும். ஆகவே முதலில் வண்டி நேரப்பட்டியலைப் பார்க்க. வண்டி கடந்த பின்னும் ஒலி நீடிக்குமாயின் அது தொடர்வண்டியர். வண்டியே ஓடாத நேரத்தில் ஒலி எழின் அதுவும் அவரே. வண்டி வரவேண்டிய நேரத்தில் ஒலி எழுந்து வண்டி வாராதாயின், இரண்டு குறிப்பேடுகளிலும் எழுதி வைக்க. ஒற்றைக்கீச்சர் பற்றி ஒன்று: அண்டையில் உள்ளோர் ஒத்திசைந்து கீச்சிடுவர், அவருள் நொடிக்கூறு முந்திக் கீச்சிடுபவனையே பாடினி நாடுவாள். இது பின்னே பயன்படும், மறவாதே.

ஐந்தாம் கிளைக்குடி, அறுமுள்ளியர். பிற பூச்சிகளைப் பிடித்துத் தின்பர். இவ்வளவு போதும்.

இனிச் சீர்வரிசை. புதர்ப்பாணர் கூடும்போது ஆண் பெண்ணுக்கு விந்துப்பையோடு கூழான உணவுத்திரள் ஒன்றையும் அளிப்பான். பாடினி வளைந்து அதனை உண்பாள். சில இனங்களில் அதன் எடை ஆணின் உடலெடையில் கால்பங்கையும் கடக்கும். அறுபது கிலோ எடையுள்ள மாப்பிள்ளை பதினைந்து கிலோவுக்கு மேல் கொணர்ந்தால் எவ்வாறோ அவ்வாறு. பெண் வீட்டாரிடம் கேட்டு வாங்கும் பழக்கம் இக்குடியில் இல்லை.

வீட்டுக்குள் புகுவோரை வந்தேறிகள் என்போம். அமரும் இடத்தால் இவர் மூவகையர்: சுவரமர்வோர், உணவமர்வோர், துணியமர்வோர். துணியமர்வோர் இருவகையர்: கொடித்துணியில் அமர்வோர், உடுத்த துணியில் அமர்வோர். பின்னவர் மீண்டும் இருவகையர்: உடுத்தவர் அறிந்தவர், உடுத்தவர் அறியாதவர். உடுத்தவர் அறியாத நிலை பிறர் சுட்டும்வரை நீடிக்கும். சுட்டியபின் அப்பூச்சி முதல் வகைக்கு மாறி, உடனே எவ்வகையிலும் அடங்காது தாவும். கள்ளுக்கடை விளக்குக்கு வருவோரைத் தனி வகையாக்க வேண்டும் என்பர் சிலர். சித்தூர் வட்டத்துத் தென்னங்கள் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் வண்டியேறிச் செல்கிறது. ஆகலின் கள்ளோடு கூடிய பூச்சியைச் சித்தூருக்கே உரியதெனச் சொல்ல இயலாது.

பரவல் பற்றிக் கூறுவோம். நல்லேப்பிள்ளி மருதநிலம். நெல்லும் பனையும் தென்னையும் உடையது. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் விலகி நின்ற பாலக்காட்டுக் கணவாயின் வெளியில் கிடப்பது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகன்ற இவ்வாயில் தாழ்ந்தது, வெப்பமானது. மலைச்சோலைக் குளிரிலேயே வாழப் பழகியவர் இதனைக் கடக்க மாட்டார். சோலைக்காட்டுச் சிறுபறவைகளுள் கணவாய்க்கு வடக்கே ஓரினமும் தெற்கே வேறினமும் இருப்பது இதனால். நெல்வயல் கூர்ந்தலையர்க்கோ கணவாய் தடையன்று, தாழ்வாரம். அருகிலுள்ள தத்தமங்கலத்தின் பெயரில் தத்து என்னும் சொல் கிடக்கக் கண்டு, தத்தும் பூச்சிக்கு அதுவே தலைநகர் என்பார் உளராயின் மறுக்க. தத்துவன எங்கும் தத்தும்.

அமைதிப் பள்ளத்தாக்கும் பாலக்காட்டு மாவட்டத்தது. 1984இல் நாட்டுப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. சில்வண்டின் இரைச்சல் அங்கே இல்லாமையால் அப்பெயர் என்று பரவலாகச் சொல்வர். சில்வண்டு அடிவயிற்றுப் பறைத்தோலை அதிரவிட்டு ஒலிப்பது, சிறை உரசுவதன்று. ஆகவே அங்கே சில்வண்டு இருப்பினும் இல்லாவிடினும் நம்மவர்க்கு வழக்கில் இடமில்லை.

மலைமாவட்டமாகிய இடுக்கியோ குறிஞ்சி. மறையூர்ப் பக்கம் மழை மறைந்த உலர்நிலம். மூணாற்றுப் பக்கம் சனவரி இரவில் உறைபனி. பூச்சியின் உடல்வெப்பம் சூழலோடு ஏறி இறங்குமாதலின், குளிரில் அரம் மெல்ல நகரும். ஓரினத்தானே நல்லேப்பிள்ளியில் விரைந்தும் மலைமேல் தயங்கியும் பாடலாம். தயக்கத்தைக் கண்டு புதிய இனம் என்று எழுதி, தன் பெயரை அதற்குச் சூட்டிக்கொள்ளும் பதற்றத்தை மாணாக்கன் அடக்குக. நெய்தல் இவ்விரு மாவட்டத்திலும் இல்லை. பாலை கோடையில் எங்கும் உண்டு.

பரவல் வரைபடம் வரைவோனின் அகவையும் பரவலைக் கட்டுப்படுத்தும். மாந்தச் செவி ஏறத்தாழ நொடிக்கு 20,000 அதிர்வு வரையே கேட்கும்; அகவை ஏற ஏற மேல்வரம்பு இறங்கும். இளஞ்செவியர் ஒரு வரப்பில் ஐவரைக் கேட்டால், இடைச்செவியர் மூவரைக் கேட்பர். முதுசெவியர்க்குப் பலாமரத்தானே எஞ்சுவான். ஆகவே ஒரே ஆய்வாளர் இளமையிலும் முதுமையிலும் ஒரே வயலைக் கணக்கெடுத்தால் இனங்கள் அழிந்து வருவதாக முடிவு கிட்டும். இதனைத் தவிர்க்க ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் வரைந்தவரின் பிறந்த ஆண்டைக் குறிக்க. பேராசிரியர்கள் இதற்கு உடன்படுவதில்லை.

எஞ்சியது எல்லைச் சிக்கல். 1949 வரை நல்லேப்பிள்ளி கொச்சி அரசின் துண்டுநிலம். ஒருபுறம் மலபார், மறுபுறம் கோயம்புத்தூர். 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 முதல் கேரளம். தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலிருந்து கேரளத்துக்கு வந்து, 1972இல் இடுக்கி மாவட்டத்தின் பகுதி ஆயின. பாணர் வயலை விட்டு நகராமலே நாடுகளின் பட்டியலில் இடம் மாறினர். இந்நிலை இனியும் நேராதிருக்க நெறி வகுத்தோம். ஆண் எங்கே பாடினானோ அந்நாட்டவன். எல்லையிலுள்ள வேலந்தாவளம் சாவடிக்கு மேற்கே பாடத் தொடங்கிக் கிழக்கே பறந்து முடித்தவனாயின், தொடங்கிய இடமே அவன் ஊர். பாடாத பாடினி எவனை நாடிப் பறக்கிறாளோ அவன் நாட்டவள். பலாமரத்துக் குடியில் மட்டும் அவன் அவள் மரத்து நாட்டவன். எல்லைக்கு இருபுறமும் இருவர் பாடுவராயின் நொடிக்கூறு முந்தியவன் பக்கம் பாடினியை எழுதுக. இருவரும் ஒருங்கே பாடி, அவள் எவரையும் நாடாது சாவடி விளக்குக்கம்பத்தில் போய் அமர்வாளாயின், அவ்விளக்கின் மின்கட்டணத்தை எவ்வரசு கட்டுகிறதோ அவ்வரசின் பட்டியலில் சேர்க்க.